பாயும் பாவும்

ஆரணியில் பிறந்தவனுக்குச் சமுத்திரத்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. எங்கள் ஊருக்கு ஜலசம்பத்து என்று சொல்லிக்கொள்ள இருப்பது கமண்டல நாகநதி ஒன்றுதான். அதுவும் வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் மழை கண்ட சில வாரங்கள் மட்டும் தானும் ஒரு நதிதான் என்று காட்டிவிட்டு அடங்கிவிடும். ஊரின் ஐசுவரியம் முழுவதும் தறிக்குழிகளில் இருந்தது. பட்டு நூல் மைசூர்ச் சீமையிலிருந்து வரும், சரிகை சூரத்திலிருந்து வரும், நெய்து மடித்த புடவைகள் சென்னைக்கும் அதற்கப்பாலும் போகும். இத்தனைக்கும் நடுவில் நெய்கிறவன் மட்டும், கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், ஆயுள் முழுவதையும் நாடாவின் ஓசையிலேயே கழித்துவிடுவான். அப்படிப்பட்ட தெருவில், இரண்டு தறி ஓடிய வீட்டில் பிறந்த நான், ஒற்றைப் பாய்மரம் கட்டிய ஒரு சிறு வத்தையில் ஏறி மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கிடையே திரிந்தேன் என்றால் அதற்கு என் சாமர்த்தியம் காரணமன்று. விலங்கியல் படித்த பையனுக்கு அக்காலத்தில் வாய்த்த உத்தியோகமே காரணம்.

மத்திய சர்க்கார் 1947-ஆம் வருஷம் ஸ்தாபித்த கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அப்போது ராமநாதபுரம் ஜில்லாவில், மண்டபம் முகாமில் இருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் அங்கே எனக்கு ஒரு சிறிய வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் மீன் சமைக்கும் வழக்கமில்லை, ஆகையால் உத்தரவு வந்த அன்று என் தகப்பனார் அதைக் கையில் வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதற்காகவா இத்தனை படித்தாய்?” என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். சம்பளத் தொகையைச் சொன்னேன்; மறு கேள்வி வரவில்லை. ஊருக்குச் சில மைல் தள்ளிக் களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடு ஸ்டேஷனில் வண்டி ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, தனுஷ்கோடி வரை ஓடிக்கொண்டிருந்த போட் மெயிலுக்காகக் காத்திருந்து, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாருக்குப் போகவிருந்த இலங்கைப் பிரயாணிகளின் டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே இரவைக் கழித்து, மறுநாள் மண்டபத்தில் இறங்கியபோது, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கடல் தெரிந்தது.

அந்த இரண்டு கடலையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வடக்கே இருப்பது பாக் ஜலசந்தி. தெற்கே மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத்து ஜனங்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளித்தால் தென்கடல் அடங்கியிருக்கும். சித்திரை வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். ஆகவே வாடை காலத்தில் ஆண்கடலிலும் கச்சான் காலத்தில் பெண்கடலிலுமாக ஜீவனம் நடக்கும். அந்நாளில், மாறுகிற சமயத்தில் மரம் உயர்ந்த படகுகளெல்லாம் பாம்பன் கால்வாயில் வந்து சேர்ந்து, 1914-இல் திறந்த ரயில் பாலத்தின் நடுவிலிருந்த தூக்கு எப்போது திறக்கும் என்று நங்கூரமிட்டுக் காத்துக் கிடக்கும். ஷெர்ஸர் என்ற அமெரிக்க இன்ஜினீயரின் முறையில் அமைந்த அந்த இரட்டை இலைகளைப் பாலத்தின் சிப்பந்திகள் கையாலேயே சுற்றி மேலே ஏற்றுவார்கள். ஏறி முடிந்ததும், நீரோட்டம் தங்களுக்குச் சாதகமாக இருக்கும் நாழிகைக்குள் கடந்துவிட வேண்டுமென்று படகுகள் ஒன்றையொன்று முட்டாத குறையாக விரையும். ரயிலில் போகிறவர்கள் இந்தப் பாலத்தை வியந்து எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். கீழே நின்று, தலைக்கு மேல் இரும்பு இரண்டாகப் பிளப்பதைப் பார்த்தவனுக்குத்தான் அதன் விசுவரூபம் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கரைக்குச் சமீபமாகவே 21 தீவுகள் வரிசையாக இருந்தன. குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, முல்லி, வாலை, தலையாரி, அப்பா தீவு, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவார், வான் தீவு என்று அந்தப் பெயர்களைப் படகுக்காரர்கள் சொல்லக் கேட்பதே ஒரு சுகம். எல்லாம் பவளப் பாரின் மேல் மணல் ஏறி உண்டானவை. ஆள் உயரத்துக்குச் சற்று மேல் என்று சொல்லக்கூடிய அளவுக்குத்தான் நீருக்கு மேலே நிற்பவை. எங்களுக்கு ஆங்காங்கே இறங்கிப் பாசியும் சிப்பியும் நண்டும் சேகரித்து, ஜாடிகளில் அடைத்து, சீட்டு எழுதிக் கொண்டுவரும் வேலை. அதற்காக வாடகைக்கு அமர்த்துகிற வத்தை ஒன்று உண்டு. அதில் படகை நடத்தும் தண்டல் ஒருவர், இரண்டு ஆட்கள், நாங்கள் இருவர் அல்லது மூவர்.

வத்தை என்பது பெரிய கப்பலன்று. கட்டுமரத்துக்கும் தோணிக்கும் இடைப்பட்டது. பலகை சேர்த்துக் கட்டி, இடுக்கு அடைத்து, எண்ணெய் பூசியது. நடுவில் மரம், அதில் சாய்வாக ஏறி இறங்கும் பருமல், பருமலில் கட்டிய முக்கோணப் பாய். பாயின் கீழ்முனையிலிருந்து பின்புறம் வரும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். அதைக் கையில் பிடித்திருப்பவன்தான் காற்றோடு நேரில் பேசுகிறவன். அணியத்தின் அடியில் குடிதண்ணீர்ப் பானை. பின்னே மணல் நிரப்பிய ஒரு பெட்டியில் மூன்று கல் அடுப்பு. பாக் ஜலசந்திப் பக்கத்துச் சில படகுகளில் இதற்கு மேல் ஒரு விநோதம் உண்டு: காற்று வலுத்துப் படகு ஒருபக்கம் சாயும்போது, காற்று வருகிற பக்கமாக ஒரு நீண்ட பலகையைக் கடலுக்கு மேல் நீட்டி, அதன் நுனியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து தங்கள் உடம்பின் பாரத்தாலேயே படகை நிமிர்த்துவார்கள். சென்னை மாகாண மீன்துறைக்கு டைரக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில் இப்படிப்பட்ட கலங்களைச் சிரத்தையோடு வர்ணித்திருக்கிறார். நம்மவர்கள் அதை எழுதவில்லையே என்று நான் வருத்தப்பட்டதுண்டு.

தண்டலுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். என்னை முதலில் ‘ஐயா’ என்றவர், ஊரும் தொழிலும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ‘பட்டுக்காரத் தம்பி’ ஆக்கிவிட்டார். நானும் அவரை அண்ணே என்றே அழைத்தேன். மீன் அறுத்துச் சோதிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் மீனைத் தின்னமாட்டேன் என்பது அவர்களுக்குத் தீராத வேடிக்கை. ஆனாலும் மீன் குழம்பு கொதிக்கும் சட்டிக்குப் பக்கத்தில் எனக்கென்று தனியே ஒரு பருப்புச் சட்டி ஏறாத நாள் கிடையாது.

புறப்படும் நேரத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் ஆரம்பத்தில் தகராறு. காரியாலயத்தில் மணி பார்த்துப் பழகிய நாங்கள் ஆறு மணி என்று சொல்வோம். தண்டல் கரையில் குந்தியபடி மேற்கே ஒரு முறை பார்த்துவிட்டு, “இப்பக் கரைக்காத்து இருக்கு, பாய் ஏத்தினா மதியத்துக்குள்ள மனோலியில நிக்கலாம். கடக்காத்து முந்திக்கிச்சுன்னா ராத்திரி இங்கதான் தம்பி” என்று சொல்வார். மாசி பங்குனியில் விடியற்காலம் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வரும். அது நின்று, கடல் கண்ணாடியாகி, பாய் மரத்தோடு ஒட்டித் தொங்கும் ஒரு நேரம் வரும். பிறகு பிற்பகலில் கடற்காற்று எழும். இந்த மூன்றுக்கும் இடையில்தான் எங்கள் பிரயாணம். நடுவே காற்று அற்றுப்போனால் தண்டு வலிப்பார்கள். ஆழம் குறைந்த இடமானால் கோல் ஊன்றுவார்கள். இரண்டும் அலுத்தால் சும்மா இருப்பார்கள். இந்தச் சும்மா இருப்பதைக் கண்டு என்னோடு வந்த பட்டணத்து நண்பர்கள் பொறுமை இழந்து, இவர்கள் சோம்பேறிகள் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், நான் வளர்ந்த தெருவிலும் இதே காத்திருப்பு உண்டு. பட்டுப் பாவை விடியற்காலத்தில் தெருவின் நீளத்துக்கு நீட்டி, இழை இழையாகச் சரிசெய்து, கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு, மழையும் கூடாது, பலத்த காற்றும் கூடாது. ஆடி மாசத்துக் காய்ந்த காற்றில் இழை முறுக்கேறிப் பட் பட்டென்று அறும். ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். அப்போது வீட்டு ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதையும் சோம்பல் என்று சொன்ன புத்திசாலிகள் இருந்தார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வேலையற்ற அந்த நாட்களில் அடுப்பு எரிவதற்கு முதலாளியிடம் வாங்குகிற முன்பணம், அடுத்த வருஷத்து உழைப்பையும் சேர்த்து அடகு வைத்துவிடும். வத்தையின் இரண்டு ஆட்களும் படகு முதலாளியான சம்மாட்டியிடம் அப்படித்தான் கட்டுண்டு கிடந்தார்கள் என்பதை, பாய் தொங்கிய ஒரு நடுப்பகலில், அவர்கள் தங்கள் கணக்கைப் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன். தொகை வேறு, எஜமானன் வேறு. கணக்கு எங்கள் தெருக் கணக்கேதான்.

தீவுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது குருசடை. பாம்பனுக்குத் தெற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். அதன் கடலோர ஜீவராசிகளைப் பற்றிச் சென்னை மியூசியம் 1927-இல் ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டிருக்கிறது. நீர் வற்றிய நேரத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று மணலைக் கையால் வாரினால், மஞ்சள் நிறத்தில், தொட்டாலே இற்றுப்போகும் மிருதுவான புழு ஒன்று கிடைக்கும். பாலனோகிளாசஸ் என்பது அதன் பெயர். முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் இல்லாத பிராணிகளுக்கும் இடையிலுள்ள பந்தத்தைக் காட்டும் சாட்சி என்று கல்லூரிகளில் பாடம் நடத்துவார்கள். அதைக் கண்ணால் காணவென்றே தூரதேசத்து மாணவர்கள் ரயிலேறி வருவார்கள். ஒரு முழுப் புழுவை அறுந்துவிடாமல் எடுக்க எங்களுக்கு அரைநாள் பிடிக்கும். வத்தையின் இளைய ஆள், புழு விட்டுவைத்த மண் சுருளைப் பார்த்தே வளை போகும் திசையைச் சொல்லி, இரண்டு கையாலும் மணலோடு சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடுவான். அவன் பெயர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை.

மனோலியையும் முயல் தீவையும் கடந்து மேற்கே போகப்போக, கரை ஒரு பக்கமும் தீவு மறுபக்கமுமாக நடுவே ஓர் அமைதியான கால்வாயில் போவதாகவே தோன்றும். தண்ணீர் தெளிந்த நாளில் அடியிலுள்ள கடற்புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பது படகிலிருந்தே தெரியும். ஆவுளியா என்று அவர்கள் சொல்லும் கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். கரை ஏறினால் அடப்பங்கொடி, இராவணன் மீசை, உமிரி, குடைவேல், சேறுள்ள பக்கத்தில் கண்டல் மரம். அப்பா தீவு கீழக்கரைக்கு எதிரே இருக்கிறது. கீழக்கரை மரைக்காயர்களின் பழைய வாணிகமும் சங்கு குளிக்கும் தொழிலும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கடல் பெரிய சரித்திரம். அதை எழுத நான் தகுந்தவனல்லன்.

வாலைத் தீவுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பிற்பகல், கடற்காற்று நன்றாக ஏறிவிட்டது. பழைய தாமான் கயிறு இரண்டாக அறுந்து, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. தண்டல் பதறவில்லை. சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டு, அறுந்த ஒரு நுனியை மடித்துக் கண்ணாக்கி, மற்ற நுனியை அந்தக் கண்ணின் உள்ளிருந்து மேலே ஏற்றி, கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் இழைக்கடியிலேயே செருகி ஓர் இழுப்பு இழுத்தார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் வீட்டு முடிச்சு. பாவில் ஓர் இழை அறுந்தால் என் தாயார் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து, கண்ணால் பார்க்காமலே போடுவது அதையேதான். அச்சுப் பல்லில் சிக்காத அளவுக்குச் சிறுத்திருக்க வேண்டும், இழுக்க இழுக்க இறுக வேண்டும் என்பதுதான் அதன் இலட்சணம். “அண்ணே, இந்த முடிச்சை யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டேன். “வலை பின்றவனுக்கு இத யாரு தம்பி சொல்லிக் குடுக்கணும்?” என்றார். நான் என் வேட்டிக் கரையிலிருந்து இரண்டு நூலை உருவி, எங்கள் முறையில் போட்டுக் காட்டினேன். அவர் அதை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, பல்லால் இழுத்துச் சோதித்து, பக்கத்திலிருந்தவனிடம், “பாருடா, வடக்கத்தியான் கையில நம்ம முடிச்சு” என்று காட்டினார். நெசவாளி இழைக்குப் போடுவதும், வலைக்காரன் கண்ணிக்குப் போடுவதும், மாலுமி கயிற்றுக்குப் போடுவதும் அமைப்பில் ஒன்றே என்பதை நான் பிற்பாடு புத்தகங்களிலும் படித்து உறுதி செய்துகொண்டேன்.

அன்றிரவு அந்தத் தீவிலேயே தங்கினோம். அந்தப் படபடப்பில் கிழிந்த பாயை மணலில் விரித்து, லாந்தர் வெளிச்சத்தில் நான் ஊசி எடுத்தேன். பருத்திக் காடாதான், இதே ஜனங்கள் வலைக்கு ஏற்றுவதைப்போலப் பனிச்சைக்காய்ச் சாற்றில் தோய்த்துக் கறுப்பேறிய துணி. சாயம் எத்தனை முறை ஏறியிருக்கிறது, ஊடை எங்கே தளர்ந்திருக்கிறது என்று விரல் நுனி தானாகச் சொல்லியது. பட்டில் பழகிய கைக்கு அது முரட்டு வேலை. ஆனாலும் நான் தைத்த இடம் அந்தப் பருவம் முழுவதும் பிரியவில்லை என்று தண்டல் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். உத்தியோகத்தில் நான் பெற்ற பாராட்டுகளில் இதற்குச் சமமானது வேறில்லை.

சிறிய பாய்க்கப்பலில் தீவு தீவாகச் சுற்றுவது மேல்நாட்டில் ஒரு பெரிய உல்லாசம். ஜோஷுவா ஸ்லோகம் என்ற அமெரிக்க மாலுமி 1895 முதல் 1898 வரை ‘ஸ்ப்ரே’ என்ற சிறு கலத்தில் தனியாகவே உலகைச் சுற்றி வந்து புத்தகம் எழுதினார். அதன்பின் அந்த வழியில் புறப்பட்டவர்கள் அநேகர். நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, அது 1938-இல் தமிழ் மாலுமிகளின் கையால் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. இவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்குப் பரவசம் உண்டாவது மெய்தான். ஆயினும் அவர்கள் போனது தாங்கள் விரும்பிப் போனது, அல்லது கூலி பேசி ஒரு தடவை போனது. எங்கள் தண்டல் அந்தத் தீவுகளுக்கிடையே ஐம்பது வருஷம் போய்வந்தது அடுத்த வேளைச் சோற்றுக்காக. ஆகையால் உல்லாசப் பிரயாணிகளின் வர்ணனையில் காணும் ‘ஜனசஞ்சாரமற்ற தீவு’ என்ற சொற்றொடரை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. எந்தத் தீவில் இறங்கினாலும் யாரோ மூட்டிய அடுப்புக் கல்லும், கருவாடு உலர்த்திய இடமும் இருந்தன.

இன்னொன்றும் இருந்தது. கீழக்கரையைத் தாண்டித் தூத்துக்குடிப் பக்கம் நெருங்க நெருங்க, தாழ உட்கார்ந்து வரும் படகுகள் எதிர்ப்படும். கடப்பாரையால் பெயர்த்த பவளக் கல்லை விளிம்பு வரை ஏற்றியிருப்பார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் அது போனது. கடலில் கல் கிடக்கிறது, எடுக்கிறார்கள் என்றுதான் அன்று பெரும்பாலோர் நினைத்தார்கள். எங்கள் தண்டல் மட்டும் அப்படகுகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “பாரு போச்சுன்னா மீனு எங்க நிக்கும்?” என்பது அவருடைய கேள்வி. மீனுக்கு மட்டுமா? அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு நின்ற பார் போனபின், உள்ளேயிருந்த மணலும் நிற்கவில்லை. கீழக்கரை வரிசையில் இருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடி வரிசையில் இருந்த விலாங்குச்சல்லியும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன.

1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதற்கு முன்பே நான் அங்கிருந்து மாற்றலாகிவிட்டேன். பிறகு விசைப்படகு வந்தது, நைலான் வலை வந்தது, பாய் போயிற்று. இங்கே ஆரணியிலும் தறி போட்ட வீடுகளில் பாதிப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானே அப்படிப் போனவன். அந்தத் தீவுகளை 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். எங்களைப்போல் நினைத்த இடத்தில் இறங்கி அடுப்பு மூட்ட இன்று முடியாது. அது நல்லதே. 2001 முதல் பாரிலுள்ள கற்பவளத்துக்கு, புலிக்கும் யானைக்கும் சட்டம் தரும் அதே பாதுகாப்பு உண்டு.

எங்கள் ஊரிலிருந்து வருஷந்தோறும் எத்தனையோ குடும்பங்கள் ராமேசுவர யாத்திரை போகின்றன. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கடைத்தெருவில் யாரேனும் வெள்ளை வெளேரென்று பூவேலை செய்ததுபோன்ற கடற்கல்லை நீட்டி, அலமாரியில் வைக்க அழகாயிருக்கும் என்று சொன்னால் வாங்காதீர்கள். விற்பதைப்போலவே வாங்குவதும் குற்றம். ஊருக்குக் கொண்டுவர அக்னி தீர்த்தம் ஒரு சொம்பு போதும்.